யாரும் பாடாத ஆற்றங்கரைப் பூ: அவதாரிகை, பதவுரை, வியாக்யானம்

அவதாரிகை

ஒரு சொல்லையும் காரணம் கேளாமல் கடந்துபோகாதவர்கள் இவ்விதழின் வாசகர்கள். "இங்கு இந்தப் பூவைச் சொன்னது ஏன்? வேறொன்றைச் சொன்னால் ஆகாதோ?" என்று கேட்டே பழகியவர்கள். பாசுரங்களில் வரும் மலர்களைப் பற்றி அடியேன் முன்பு எழுதியிருந்த கட்டுரையை வாசித்த பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். "ஸ்வாமி, கவிகள் பாடிய பூவுக்கு உரை சொல்வது எளிது. பெரியோர் சமைத்து வைத்ததைத் தேவரீர் பரிமாறினீர், அவ்வளவே. ஒருவரும் பாடாத பூவொன்றை எடுத்து, அதே முறையில் அவதாரிகையும் பதவுரையும் வியாக்யானமும் எழுதிக் காட்டலாகுமோ?" என்றார். அவர் விளையாட்டாகக் கேட்டாரோ, வினையாகவே கேட்டாரோ, அறியேன். வணிகவியல் படித்து, வங்கியில் பேரேடு பார்த்தே தலை நரைத்த அடியேனுக்குத் தாவரவியல் தூரம். ஆயினும் அந்தக் கேள்வி மனத்தில் தங்கிவிட்டது. தேடித் தேடி வாசித்ததில் ஒரு பூ அகப்பட்டது.

அது நம் நாட்டுப் பூ அன்று. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மேய்ன் என்றொரு மாநிலம் உள்ளது. அங்கே தோன்றி, சில தூரம் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் எல்லையாக ஓடி, பின்பு கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் புகுந்து, ஃபண்டி விரிகுடாவில் கலப்பது செயின்ட் ஜான் நதி. அதன் மொத்த நீளம் சுமார் 673 கிலோமீட்டர். அந்த நதியின் மேற்பகுதியில், ஏறக்குறைய 225 கிலோமீட்டர் நீளமுள்ள கரைப்பகுதியில் ஆங்காங்கே மட்டும் முளைக்கிறது அந்தச் செடி. உலகில் வேறு எந்த நதிக்கரையிலும் அது இயல்பாக வளர்வதாகக் கண்டவர் இல்லை. மாலை கட்ட உதவாது. மருந்துக்கென்று தேடுவார் இல்லை. சந்தையில் விலை இல்லை. பெரியவர் கேட்டபடி, யாரும் பாடாத பூ.

பதவுரை

அதன் தாவரவியல் பெயர் பெடிகுலாரிஸ் ஃபர்பிஷியே. இரண்டு பதங்கள்.

பெடிகுலாரிஸ் – லத்தீன் மொழியில் பெடிகுலஸ் என்றால் பேன். பேனோடு ஸம்பந்தமுடையது என்றபடி. ஆங்கில வழக்கிலும் இவ்வினத்துக்குப் பேன்பூண்டு என்ற பொருள்பட்ட பெயரே உள்ளது. ஒரு பூவுக்குப் பேனை அடையாக இடுவதோ என்னில், ஐரோப்பியக் குடியானவர்களிடம் ஒரு பழைய நம்பிக்கை இருந்தது: இச்செடி மண்டிய நிலத்தில் மேய்ந்த ஆடுமாடுகளுக்குப் பேன் பற்றும் என்று. மெலிந்த நிலத்தில் மேய்ந்து மெலிந்த ஆட்டுக்குப் பேன் வந்ததைச் செடியின் தலையில் ஏற்றிவிட்டார்கள் போலும். குற்றம் ஏற்பட்ட பெயர், ஒருமுறை பதிவேட்டில் ஏறிவிட்டால் இறங்குவதில்லை. இதை வங்கியில் அடியேன் பலமுறை கண்டிருக்கிறேன்.

இவ்வினம் பெரியது, 600க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. இமயமலையிலும் மேற்குச் சீனத்திலும் மிகுதி. நமக்கு அயலும் அன்று: பெடிகுலாரிஸ் ஸெய்லானிகா என்ற இதன் உறவுச்செடி நீலகிரியின் உயர்ந்த புல்வெளிகளிலும் இலங்கையின் மலைகளிலும் பூக்கிறது.

ஃபர்பிஷியே – ஃபர்பிஷ் என்பவளுடைய. லத்தீன் இலக்கணத்தில் இவ்விகுதி பெண்பாலுக்குரிய ஆறாம் வேற்றுமை. பெயரின் இறுதி அசையே, கண்டெடுத்தது ஒரு பெண் என்பதைக் காட்டிவிடுகிறது.

அப்பெண்மணி கேட் ஃபர்பிஷ். 1834-ல் பிறந்தவர், மேய்னின் பிரன்ஸ்விக் ஊரில் வளர்ந்தவர். அம்மாநிலத்தில் பூக்கும் செடிகளையெல்லாம் நேரில் கண்டு, அவற்றை உள்ளபடி வண்ணத்தில் தீட்டிவிடுவது என்று ஸங்கல்பித்துக்கொண்டு, பல பத்தாண்டுகள் சதுப்பிலும் காட்டிலும் நடந்தார். எந்தக் கல்லூரியிலும் பதவி இல்லை. இதற்கென்று ஊதியமும் இல்லை. 1880-ல் மேய்னின் வடகோடியான அரூஸ்டுக் மாவட்டத்துக்குச் சென்றபோது, செயின்ட் ஜான் நதிக்கரையில் தாம் அதுவரை கண்டிராத ஒரு மஞ்சட்பூச்செடியைக் கண்டார். அதன் மாதிரி ஹார்வர்டுக்குச் சென்றது. அங்கிருந்த ஸெரீனோ வாட்ஸன் என்ற தாவரவியலாளர் ஆராய்ந்து, இது உலகுக்குப் புதியது என்று தேர்ந்து, 1882-ல் கண்டவரின் பெயரையே அதற்கு இட்டார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பதுகளின் பிற்பகுதி. அடியேன் அந்த வயதில் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் உண்டோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாக்யானம்

செடியின் வடிவை முதலில் சொல்லவேண்டும். தரையை ஒட்டிச் சுற்றிலும் விரிந்த இலைகள். ஒவ்வொன்றும் பெரணி இலைபோல் ஆழமாகப் பிளவுபட்டது. முளைத்தவுடன் பூத்துவிடாது. குறைந்தது மூன்று ஆண்டுகள் இலையாகவே இருக்கும். பின்பு ஒரு தண்டு எழும். ஒரு மீட்டர் வரையும் உயரும். அதன் தலையில் குழல் வடிவான சிறு மஞ்சட்பூக்கள். எல்லாம் ஒருசேர மலர்வதில்லை; ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலுமாக, ஒரு நேரத்துக்குச் சிலவாக விரியும். கிழங்காலோ ஓடுதண்டாலோ பெருகும் வழி இதற்கு இல்லை. விதை ஒன்றே கதி.

இச்செடி மூன்று இடங்களில் பிறரை நம்பி நிற்கிறது. முதலாவது வேர். பச்சை இலை இருப்பதால் தன் உணவைத் தானே சமைக்கும். ஆயினும் அது போதாமல், மண்ணுக்குள்ளே அயலில் நிற்கும் செடிகளின் வேரைத் தன் வேரால் பற்றி, அவற்றிலிருந்து நீரும் சத்தும் உறிஞ்சிக்கொள்ளும். இது களவன்றோ என்னில், நாம் கொண்டாடும் சந்தன மரமும் இதே தொழில் செய்வதே. அதை அரைத்துப் பூசிக்கொள்ளும் நாம் இச்சிறு செடியைக் குறைசொல்ல ஒண்ணாது.

இரண்டாவது வண்டு. தேனீயினும் பருத்து, உடலெங்கும் மயிர் அடர்ந்த பம்பிள்பீ வகையில் பாம்பஸ் வேகன்ஸ் என்ற ஓரினமே இப்பூவில் மகரந்தச் சேர்க்கை செய்வதாக ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இந்தப் பூ இல்லாத பொழுது வண்டு வேறு பூவுக்குப் போகும். அந்த வண்டு வாராத பொழுது இப்பூவுக்குப் போக்கிடம் இல்லை.

மூன்றாவதுதான் இக்கட்டுரையின் உயிர்நிலை. அது நதி.

குளிர்காலத்தில் செயின்ட் ஜான் நதி மேற்பரப்பெல்லாம் உறைந்து பாறைபோல் கிடக்கும். வஸந்தத்தில் மலைப்பனி உருகி நீர் பெருகும்போது, அந்தப் பனித்தளம் பெரும் பாளங்களாக வெடித்து நகரத் தொடங்கும். குறுகிய இடங்களில் பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடைத்துக்கொள்ளும். பின்னால் நீர் தேங்கி உயரும். அடைப்பு உடைந்ததும் எல்லாம் ஒருசேரப் பாயும். அவ்வளவு பனியும் இரு கரைகளையும் அரம்போல் அராவிக்கொண்டு போகும். புதர்கள் வேரோடு பெயரும்; மரங்கள் பட்டை உரியும்; சில இடங்களில் கரையே சரிந்து மண்ணோடு நதியில் விழும். 1991-ஆம் ஆண்டு வஸந்தத்தில் இத்தகைய பனியடைப்பு அல்லகாஷ் என்ற ஊர்ப்பக்கம் பாலங்களையே அடித்துக்கொண்டு போயிற்று. நம் பேன்பூண்டு வளர்வது சரியாக அந்த அரம் படுகிற கரைச்சரிவில்தான்.

இங்கு ஒரு சங்கை எழும். இவ்வளவு அரிய செடி இவ்வளவு ஆபத்தான இடத்தில் வளர்வானேன்? பத்தடி மேலே, காட்டின் ஓரத்தில், பனிப்பாளம் எட்டாத இடத்தில் வளரலாகாதோ?

ஸமாதானம்: வளர முடியாது. மேலே உள்ள நிலத்தை ஆல்டர், வில்லோ முதலிய புதர்களும் மரங்களும் முன்பே பிடித்துக்கொண்டன. இதன் நாற்று மிகச் சிறியது. ஈரம் மாறாத வெறுமண்ணும், மேலே மறைப்பில்லாத வானமும் வேண்டும். அத்தகைய வெறுமண்ணை அந்நாட்டில் உண்டாக்கித் தருவது பனிப்பாளம் ஒன்றே. பனி வந்து புதர்களை வழித்துப்போட்ட இடத்தில் விதை முளைக்கும், மூன்று நான்கு ஆண்டுகளில் பூக்கும், விதை சிந்தும். ஆனால் ஆல்டர் சும்மா இராது. ஆண்டுதோறும் மெல்ல மெல்லத் திரும்பிவந்து, ஏறக்குறைய பத்தாண்டுக்குள் நிழலால் மூடிவிடும். அப்பொழுது மீண்டும் பனி வந்து வழித்தால்தான் உண்டு.

அப்படியாகில் பனி ஆண்டுதோறும் வருவது நல்லதன்றோ என்று அடுத்த சங்கை. அதுவும் ஆகாது. ஆண்டுதோறும் வழித்துப்போட்டால் மூன்று வயது நிரம்பிப் பூக்கும் செடியே மிஞ்சாது. பனி வரவேண்டும், அடிக்கடி வரலாகாது. வாராமலும் இருக்கலாகாது. வந்த பனி எல்லாக் கரையையும் ஒரே ஆண்டில் வழித்துவிடலும் ஆகாது. ஒரு திட்டு அழியும்போது இன்னொரு திட்டில் செடி பூத்து நிற்கவேண்டும். அங்கிருந்துதான் விதை வரவேண்டும். விதைக்குச் சிறகும் இல்லை, பஞ்சும் இல்லை. பெரும்பாலும் தாயின் காலடியிலேயே விழும். தூரம் போகவேண்டுமானால் நதிதான் எடுத்துப்போகவேண்டும்.

எரிக் மெங்கஸ் என்ற சூழலியலாளர் இச்செடியின் திட்டுகளைப் பல ஆண்டுகள் எண்ணிக் கணக்கிட்டு, 1990-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதன் ஸாரம் வங்கிக்காரனுக்கு எளிதில் விளங்குவது. தனித்தனித் திட்டுகளைப் பார்த்தால் ஒவ்வொன்றும் என்றேனும் மூடப்படவேண்டிய கிளைபோலத் தோன்றும்; ஒன்றுக்கும் நீண்ட ஆயுள் இல்லை. ஆனால் மூடப்படும் கிளைகளுக்கு ஈடாகப் புதுக் கிளைகள் திறந்துகொண்டிருந்தால் தலைமையகத்தின் ஐந்தொகை நிலைத்திருக்கும். ஆகவே இன்று செடி நிற்கும் இடங்களை மட்டும் வேலியிட்டுக் காப்பது போதாது. இன்று ஒன்றும் இல்லாத கரையும் காக்கப்படவேண்டும். நாளை அங்கேதான் திறப்பு விழா.

இனி, இப்பூ ஊரறிந்த கதை. 1965-ல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்நதியின் மேற்பகுதியில் டிக்கி–லிங்கன் ஸ்கூல் என்ற நீர்மின் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. இரண்டு அணைகள்; சுமார் 88,000 ஏக்கர் காடும் பள்ளத்தாக்கும் நீருள் போகும். ஃபர்பிஷின் பூவோ அதற்குள் மறக்கப்பட்டு, அற்றுப்போனதாகவே கருதப்பட்டிருந்தது. அணைக்கான சூழலாய்வின்பொருட்டு 1976-ல் கரையோரம் தாவரங்களைக் கணக்கெடுத்துவந்த மேய்ன் பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் ரிச்சர்ட்ஸ், அது உயிரோடு பூத்து நிற்பதைக் கண்டார். அணை கட்டுவதற்காகச் செய்த ஆய்விலேயே அணைக்குத் தடை அகப்பட்டது.

1973-ல் இயற்றப்பட்ட அருகும் உயிரினங்கள் சட்டம் அங்கு அப்பொழுதுதான் நடைமுறைக்கு வந்துகொண்டிருந்தது. 1978-ல் இப்பூண்டு 'அழியும் நிலையில் உள்ளது' என்று அச்சட்டப்படி பட்டியலில் ஏறியது. செடிகளில் முதன்முதலாகப் பட்டியலேறிய சிலவற்றுள் இதுவும் ஒன்று. உடனே பரிஹாஸமும் தொடங்கிற்று. இவ்வளவு மின்சாரத்தைப் பேன் என்று பெயருடைய ஒரு களைச்செடி மறிப்பதா என்று கேட்டார்கள். பெயர் வேறாக இருந்திருந்தால் ஏளனம் பாதியாய்க் குறைந்திருக்கும் என்பது அடியேன் எண்ணம்.

பூ அணையை நிறுத்திற்று என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. 1976-க்குப் பின் தேடியதில் அணைப்பகுதிக்குக் கீழேயும் பல திட்டுகள் அகப்பட்டன. திட்டம் ஏறிக்கொண்டேபோன செலவாலும், தடையின்றி ஓடும் நதியை அப்படியே விட விரும்பியவர்களின் எதிர்ப்பாலும் மெல்லத் தளர்ந்தது. 1986-ல் அதற்கான அனுமதியே நீக்கப்பட்டது. பூ அந்த வழக்கில் ஒரு ஸாக்ஷி. தீர்ப்பெழுதியது பல கைகள்.

ஆனால் இங்கே கூர்ந்து பார்க்கவேண்டியது ஒன்று உண்டு. அணைக்கு மேலே இருந்த செடிகள் நீரில் மூழ்கும் என்பது குழந்தைக்கும் விளங்கும். அணைக்குக் கீழே இருந்தவற்றுக்கு என்ன வரும்? அவை மூழ்கப்போவதில்லை. அவற்றின் மேல் ஒரு கல்லும் விழப்போவதில்லை. நதி அடங்கி, அளந்துவிட்ட நீராய், ஆண்டு முழுதும் ஸாதுவாக ஓடும். பனிப்பாளத்தின் வேகம் தணியும். கரை பசுமையாய் அடரும். பார்ப்பவர்கள் நன்று என்பார்கள். ஆல்டர் நிழலில், ஒருவரும் கொல்லாமலே, அவை ஒவ்வொன்றாக இல்லாமற்போகும். அழிக்கும் என்று அஞ்சிய பனியே இதற்கு உயிர்; காக்கும் என்று நினைத்த அமைதியே முடிவு.

இவ்விடத்தில் அடியேன் சொந்தக் கணக்கு ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பணியில் இருந்த காலத்தில் ஓர் ஆற்றங்கரை நிலத்தின்மேல் கடன் கேட்டு வந்த விண்ணப்பத்துக்காக நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினேன். கரையைச் சமன்படுத்திக் கல் பாவிச் சுவர் எழுப்பிக் கூடம் கட்டும் திட்டம். படிவத்தில் 'நிலத்தின் தற்போதைய பயன்பாடு' என்றொரு பத்தி இருந்தது. வெள்ளம் வந்து வழித்துப்போட்ட மணல்திட்டு. ஏதோ பூண்டுகள் அங்குமிங்கும் பூத்திருந்தன. 'பயனற்ற வெறுநிலம்' என்று எழுதிக் கையொப்பமிட்டேன். கடனும் முறைப்படி வழங்கப்பட்டது; தவணை தவறாமல் திரும்பியும் வந்தது. பதிவேட்டின்படி அதில் ஒரு பிழையும் இல்லை. அந்தத் திட்டில் பூத்திருந்தவை என்னென்ன என்று அடியேன் குனிந்து பார்க்கவில்லை. அவை ஸாதாரணக் களைகளாகவே இருந்திருக்கலாம். இப்பொழுது அதைச் சொல்வதற்கு வழி இல்லை. அங்கே சுவர் இருக்கிறது.

மீண்டும் செயின்ட் ஜான் கரைக்கு வருவோம். இன்றைய நிலை என்ன என்னில், அமெரிக்க அரசு 2023-ல் இச்செடியை 'அழியும் நிலை' என்ற வகுப்பிலிருந்து 'அச்சுறுத்தலுக்கு உட்பட்டது' என்ற அடுத்த வகுப்புக்கு மாற்றியது. சந்தேகத்துக்குரிய கடன் ஒருபடி தேறியது என்பதுபோல, கணக்கு தீர்ந்ததாகாது. கனடாவில் அது இன்னும் 'அழியும் நிலை'யிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. அங்கு சில இடங்களில் மட்டுமே உள்ளது.

இப்போதைய கவலைகள் இரண்டு. ஒன்று கரை. அரூஸ்டுக் உருளைக்கிழங்குக்குப் பேர்போன மாவட்டம். மேலேயுள்ள காட்டைக் கரையின் விளிம்புவரை வெட்டி வயலாக்கினாலும் வீடு கட்டினாலும் நிழல் போகும், ஈரம் வற்றும், சரிவு இளகும். இச்செடி பெரும்பாலும் வடக்கு நோக்கிய குளிர்ந்த சரிவுகளையே நாடுவது. ஈரம் வற்றினால் தாங்காது. மற்றொன்று காலநிலை. குளிர்காலத்தின் நடுவிலேயே பனி இளகுவதும், வெள்ளம் காலமல்லாத காலத்தில் பெருகுவதும் மிகுந்தால், பனியரம் வரும் இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் பூக்கும் வயதை எட்டும் செடிகளின் எண்ணிக்கை மாறும். முன்பு அணை செய்யவிருந்ததை, எதிர்த்திசையிலிருந்து வெப்பம் செய்யக்கூடும்.

இன்னொரு பலஹீனமும் உண்டு. 1987-ல் வெளியான ஓர் ஆய்வில் இச்செடியின் 22 மரபணு இடங்களைச் சோதித்தார்கள். செடிக்குச் செடி வேறுபாடே காணவில்லை. எல்லாம் ஒரே முகம். புதிய நோயோ புதிய வெப்பமோ வந்தால் ஒன்றைப் பற்றியது எல்லாவற்றையும் பற்றும். முதலீட்டையெல்லாம் ஒரே பங்கில் போட்டவனின் நிலைதான்.

கேட் ஃபர்பிஷ் 1931-ல், தம் தொண்ணூற்றேழாம் வயதில் காலமானார். தாம் தீட்டிய ஓவியத் தொகுதிகளை 1908-லேயே பிரன்ஸ்விக்கிலுள்ள போடின் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்; அவை இன்றும் அங்கே இருக்கின்றன. உலர்த்திவைத்த செடித்தாள்கள் ஹார்வர்டு சென்றன. பூ அணை வழக்கில் சிக்கி, செய்தித்தாள்கள் அவர் பெயரையும் பேனையும் சேர்த்து எழுதிச் சிரித்தது அவர் மறைந்து நாற்பதாண்டுகளுக்கும் பின்.

கேட்ட பெரியவருக்கு இதை அச்சேறுமுன் வாசித்துக் காட்டினேன். "பனி வந்ததா என்று யார் பார்க்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். பல ஆண்டுகளாகக் காலையில் எழுந்தவுடன் வட்டிவிகிதமும் தங்கத்தின் விலையும் பார்த்துப் பழகிய கண் அடியேனுடையது. சென்ற ஏப்ரலில் அவற்றுக்கு முன்பாக ஃபோர்ட் கென்ட் என்ற சிற்றூரில் நதியின் பனி உடைந்துவிட்டதா என்று செய்தி தேடிக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன்.